மூன்று முறை ‘தகுதியில்லை’

 மருத்துவக் கொள்கையில் சமநீதி என்பது இந்த அறக்கட்டளை உரைக்கு எனக்குத் தரப்பட்ட தலைப்பு. முப்பது ஆண்டுகள் அரசு மருத்துவராக இருந்தவள் நான். பெரும்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் கழிந்தது. கொள்கை என்பதை நான் அறிந்ததெல்லாம் பதிவேடுகள் வழியாகத்தான். ஆகவே ஒரு பதிவேட்டின் ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன்.

2017ஆம் ஆண்டு. வட மாவட்டம் ஒன்றில் நான் பணியாற்றிய நிலையத்துக்கு இருளர் சமூகத்துப் பெண் ஒருவர் வந்தார். வயது இருபத்திரண்டு. மூன்றாவது கர்ப்பம், ஐந்தாம் மாதம். ஹீமோகுளோபின் 6.8. ஏழுக்குக் கீழே போனால் அதைக் கடும் ரத்தசோகை என்போம். பிரசவத்தில் எல்லாருக்கும் போகிற அளவு ரத்தமே அப்படிப்பட்ட உடம்புக்கு உயிராபத்தாகிவிடும். கிராம சுகாதார செவிலியர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, “மேடம், இவங்களுக்கு முத்துலட்சுமி பணம் வராது, மூணாவது” என்றார். அந்தப் பெண் தலையைத் தூக்காமல் சொன்னார்: “மொத ரெண்டுக்குமே வரலம்மா.”

முத்துலட்சுமி பணம் என்பது ஏழைக் கர்ப்பிணிகளுக்கு மாநில அரசு தரும் மகப்பேறு உதவித்தொகை. ஏன் வரவில்லை என்று கேட்டேன். முதல் கர்ப்பத்தின்போது அவருக்குப் பதினேழு வயது. உதவித்தொகை பெறப் பத்தொன்பது நிறைந்திருக்க வேண்டும். இரண்டாவது கர்ப்பத்தின்போது வயது சரியாக இருந்தது. ஆனால் கணவர் முன்பணம் வாங்கியிருந்ததால் குடும்பமே பக்கத்து மாவட்டத்துச் செங்கல் சூளையில் இருந்தது. குறித்த காலத்துக்குள் பதிவு செய்யச் சூளையைவிட்டு வர முடியவில்லை. மழை தொடங்கிச் சூளை நின்ற பிறகு ஊர் திரும்பி வந்து பதிவு செய்தபோது காலம் கடந்திருந்தது. இப்போது மூன்றாவது. இரண்டு பிரசவத்துக்கு மேல் கிடையாது. செவிலியர் ‘தகுதியில்லை’ என்று எழுதினார். அந்தப் பக்கத்தின் கீழே நான் கையெழுத்திட்டேன். செவிலியர் செய்ததும் சரி, நான் செய்ததும் சரி, விதிப்படி.

அன்று வீட்டுக்குப் போன பிறகும் அது என்னை விடவில்லை. மூன்று முறையும் அவரை வெளியே நிறுத்தியது ஒரே விதி அல்ல. இளவயதுத் திருமணத்தைத் தடுக்க ஒரு விதி, கர்ப்பத்தை முன்கூட்டியே பதிவு செய்யவைக்க ஒரு விதி, குடும்பத்தைச் சிறிதாக வைக்க ஒரு விதி. தனித்தனியே எடுத்தால் மூன்றின் நோக்கத்தையும் நானே மேடைகளில் ஆதரித்துப் பேசியிருக்கிறேன். ஆனால் மூன்றும் ஒரே ஆளின் மேல் வந்து விழுந்தன. பழங்குடி என்பதால் பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. படிப்பு நின்றதால் பதினாறில் கல்யாணம். நிலம் இல்லாததால் முன்பணம், முன்பணத்தால் சூளை. இதில் எந்தக் கண்ணியை மட்டும் உருவியெடுத்து, இதுதான் காரணம் என்று காட்டுவது?

இந்தக் கேள்வியை வேறொரு நாட்டில், வேறொரு வழக்கில் வைத்துத் தெளிவாக்கியவர் கிம்பர்லே கிரென்ஷா என்ற அமெரிக்கக் கறுப்பினச் சட்டப் பேராசிரியர். 1989இல் அவர் எழுதிய கட்டுரை ஒரு பழைய வழக்கை எடுத்துக்கொள்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த வழக்கு, 1976இல் தீர்ப்பானது. 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுத்ததில்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் வெளியேற வேண்டும் என்ற முறைப்படி அந்தப் பெண்கள் வேலை இழந்தார்கள். நீதிமன்றம் என்ன சொன்னது? நிறுவனம் பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறது, ஆகவே பெண் என்ற பாகுபாடு இல்லை. அந்தப் பெண்கள் வெள்ளையர்கள். இனப் பாகுபாடு என்றால், அதே நிறுவனத்தின் மீதுள்ள இன்னோர் இனப் பாகுபாட்டு வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள்.  இரண்டையும் கூட்டிப் புதிதாக ஒரு வழக்கு கேட்க உங்களுக்கு உரிமை இல்லை என்றது. கிரென்ஷா இதற்கு நாற்சந்தியை உவமை சொன்னார். நடுச்சந்தியில் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் எந்தத் தெருவிலிருந்தும் வண்டி வந்திருக்கலாம், எல்லாத் தெருவிலிருந்தும்கூட வந்திருக்கலாம். எந்தத் தெரு என்று நிரூபித்தால்தான் ஆம்புலன்ஸ் வரும் என்று சொன்னால் அடிபட்டவர் அங்கேயே கிடப்பார்.

தமிழில் இதைக் குறுக்குவெட்டுப் பார்வை என்று எழுதுகிறார்கள். சொல் கொஞ்சம் கரடுமுரடு. மாணவர்கள் அதைத் தேர்வுக்கு எழுதிக்கொள்ளட்டும். எனக்கு நாற்சந்தி போதும்.

தமிழ்நாட்டில் நின்று இதைப் பேசும்போது ஒரு தயக்கம் எனக்கு உண்டு. ஏனென்றால் நாம் சாதித்திருக்கிறோம். உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு, இறக்கும் தாய்மார் 2001-03இல் 134 பேர். 2018-20இல் அது 54. அதே காலத்தில் இந்தியாவின் எண் 301லிருந்து 97க்கு வந்தது. இது தானாக நடக்கவில்லை. இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் சுகாதார நிலையங்கள், மூன்று செவிலியர் முறைவைத்துப் பணியாற்றும் பிரசவ அறைகள், 1990களின் நடுவில் தொடங்கிய மருத்துவ சேவைக் கழகம் தடையில்லாமல் அனுப்பிய மருந்துகள், நாட்டிலேயே முன்னோடியாக நாம் தொடங்கிய தாய் மரணத் தணிக்கை என இத்தனையும் சேர்ந்து அந்த எண்ணை இறக்கின. என் வாழ்நாளில் நான் பங்கெடுத்த பெரிய காரியம் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் 54 என்பது சராசரி. அந்த 54 பேர் யார்? தாய் இறப்பு விகிதத்தை வெளியிடும் மாதிரிப் பதிவு முறை மாநிலவாரியாகச் சொல்கிறது, சாதிவாரியாகச் சொல்வதில்லை. இறப்பு அரிதாக அரிதாக, மிஞ்சி நிற்பவை ஓரிடத்தில் குவியும் என்பது பொதுச் சுகாதாரத்தில் பாலபாடம். போலியோவில் கண்டோம், தொழுநோயில் கண்டோம். எல்லாருக்கும் பொதுவான வழியில் எட்டக்கூடியவர்களை எட்டியாயிற்று. இனி மிஞ்சியிருப்பவர்கள் அந்த வழி போகாத இடத்தில் இருப்பவர்கள்.

பணத்தைச் சரிசெய்தால் மற்றதெல்லாம் சரியாகும் என்று நம்புகிற நண்பர்கள் எனக்கு உண்டு. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, உத்தரப்பிரதேசம், பிஹார் உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களின் கணக்கெடுப்பை எடுத்துப் பார்த்தது. உயர்சாதி இந்துக்களோடு ஒப்பிட்டால் பழங்குடியினரின் ஆயுள் எதிர்பார்ப்பு நான்கு ஆண்டுகளுக்கு மேலும், தலித்துகளுடையது மூன்று ஆண்டுகளுக்கு மேலும் குறைந்திருந்தது. அந்த இடைவெளியில் பாதிக்கும் குறைவானதைத்தான் பொருளாதார நிலையால் விளக்க முடிந்தது. மிச்சத்தை எந்த வங்கிக் கணக்கிலும் பணம் போட்டுச் சரிக்கட்ட முடியாது. அது வேறு எங்கோ இருக்கிறது. கிணற்றில் இருக்கிறது, குடியிருப்பு ஊரைவிட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதில் இருக்கிறது, படுக்கையில் கிடப்பவரைத் தொட்டுப் பார்க்கிறார்களா, தள்ளி நின்று பேசுகிறார்களா என்பதில் இருக்கிறது.

அந்த உதவித்தொகைத் திட்டத்துக்குத் திரும்புகிறேன். அதற்குப் பெயர் தந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தேவதாசி குலத்தில் வந்த தாய்க்கு மகள். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927இல் சட்டமன்றத்துக்குச் சென்று அதன் துணைத்தலைவரானார். ஒரே உடலில் பெண்ணாகவும் தாழ்த்திப் பார்க்கப்பட்ட குலத்தின் மகளாகவும் இருப்பது என்ன என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராக அவர் மன்றத்தில் வாதாடியபோது அவர் கண்முன் இருந்தது ‘பெண்கள்’ என்ற பொது இனம் அல்ல, ஒரு குறிப்பிட்ட குலத்தில், குறிப்பிட்ட வயதில் இருந்த சிறுமிகள்.

1987இல் 300 ரூபாயோடு தொடங்கிய இந்தத் திட்டம், 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என வளர்ந்தது. நாட்டில் வேறெங்கும் இவ்வளவு நீண்ட காலமாக ஏழைத் தாய்மாருக்கு ஓர் அரசு பணம் கொடுத்ததாகச் சொல்ல முடியாது. கர்ப்பிணி ஓய்வெடுக்க வேண்டும், சத்துள்ளதைச் சாப்பிட வேண்டும், அதற்குக் கூலி இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்பது அதன் நோக்கம். அப்படியானால் யாருக்கு அந்த ஓய்வும் உணவும் மிக அவசியம்? உடல் வளர்ச்சி முடியாத பதினேழு வயதுப் பெண்ணுக்கு. இரண்டு பிரசவத்தில் ரத்தம் இழந்து மூன்றாவதைச் சுமப்பவளுக்கு. மருத்துவப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இந்த இரண்டு பேருக்கும் ‘ஆபத்து அதிகம்’ என்று எழுதியிருக்கும். அதே இரண்டு பேர் உதவித்தொகைப் பட்டியலில் ‘தகுதியில்லை’ ஆகிறார்கள். ஒரே பதிவேட்டில், ஒரே பெண்ணின் பெயருக்கு நேரே, இரண்டு கட்டங்களில் இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

இந்த நிபந்தனைகள் எங்கிருந்து வந்தன? மகப்பேறு உதவி என்பது உரிமையா, நல்லொழுக்கத்துக்குப் பரிசா என்ற குழப்பத்திலிருந்து வந்தன என்பது என் எண்ணம். 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்கான மகப்பேறு மசோதா விவாதத்துக்கு வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அதன் சுமையில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். எத்தனையாவது குழந்தை என்று கேட்கும் சிந்தனையே அதில் இல்லை. 2013இல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் அரசு ஊழியர் போன்றோர் தவிர்த்த ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் குறைந்தது 6,000 ரூபாய் என்றது. நான்கே ஆண்டில் அதை நிறைவேற்ற வந்த மத்திய அரசுத் திட்டம் 5,000 ரூபாய், முதல் குழந்தைக்கு மட்டும் என்று சுருங்கியது. 2022இல் இரண்டாவது பெண் குழந்தையானால் உண்டு என்று கொஞ்சம் விரிந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த இருளர் பெண் என் முன் உட்கார்ந்திருந்த அதே 2017இல்தான் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டு, சம்பளத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. நல்ல திருத்தம். என் மகளுக்கே அது பயன்பட்டது. அவளும் தாய், சூளைப் பெண்ணும் தாய். நியமன உத்தரவு கையில் உள்ள தாய்க்கு ஆறு மாதச் சம்பளம். முன்பணத்துக்கு உழைக்கும் தாய்க்கு, எல்லா நிபந்தனையும் நிறைவேறினால், ஒரு தொகை. பெண்கள் நலன் என்ற ஒரே தலைப்பின்கீழ் இரண்டும் சாதனைகளாகப் பட்டியலிடப்பட்டன.

நாற்சந்தியில் வண்டிகள் நலத்துறையிலிருந்து மட்டும் வருவதில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் வந்த போக்சோ சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டம் தேவை என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் பதினெட்டு நிறையாத பெண் கர்ப்பமாக வந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். குடும்பத்துக்கு அது தெரியும். ஆகவே மலையிலும் சூளையிலும் இருக்கும் குடும்பங்கள் பெண்ணை மறைக்கின்றன, வயதைக் கூட்டிச் சொல்கின்றன, ஏழாம் எட்டாம் மாதம்வரை கூட்டிவருவதில்லை. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரைக் காவல்துறைக்கு மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் போக்சோ சட்டத்தையும் கருக்கலைப்புச் சட்டத்தையும் சேர்த்துப் படித்துத் தீர்ப்பளித்தது. சேர்த்துப் படித்தது என்பதுதான் எனக்கு முக்கியம். ஆனால் பிள்ளை பெற்றுக்கொள்ள வரும் பதினேழு வயதுப் பெண்ணுக்கு அந்த நிழலும் இல்லை.

நம் மாநிலத்துக்கு வெளியே ஒன்றைச் சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம். வறண்ட பூமி. ஒவ்வோர் ஆண்டும் தீபாவளியை ஒட்டி அங்கிருந்து குடும்பங்கள் கரும்பு வெட்ட மேற்கு மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் போகின்றன. கணவன் மனைவி இருவரையும் சேர்த்து ஒரு கொய்தா என்று ஒப்பந்தம் பேசுவார்கள். கொய்தா என்றால் அரிவாள். இரண்டு மனிதர் சேர்ந்து ஓர் அரிவாள். முன்பணம் வாங்கியாயிற்று. ஒருவர் ஒருநாள் படுத்தாலும் அபராதம். தங்குவது வயலோரத்துக் கொட்டகையில், கழிப்பறை கிடையாது, குளிக்க மறைவு கிடையாது. மாதவிடாய் நாளில் வயிற்றுவலி வந்தால் அது ஒரு நாள் கூலியும் அபராதமும் ஆகிறது. சுத்தமின்மையால் வெள்ளைப்படுதலும் தொற்றும் வரும். ஊருக்குத் திரும்பித் தனியார் மருத்துவமனைக்குப் போனால் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், இல்லையென்றால் புற்றுநோய் வரும் என்ற பயமுறுத்தல். எடுத்துக்கொண்டார்கள். அந்த அறுவைக்கும் கடன், அந்தக் கடனை அடைக்க அடுத்த ஆண்டு மறுபடி கரும்பு.

2019இல் இது வெளியே தெரிந்து, மாநில அரசு நீலம் கோர்ஹே தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அந்த மாவட்டத்தில் கரும்பு வெட்டும் 82,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் விசாரித்ததில் 13,000க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை இழந்திருந்தார்கள். பலர் நாற்பதை எட்டாதவர்கள். எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று, தனியார் மருத்துவமனைகள் இந்த அறுவைக்கு மாவட்ட மருத்துவ அதிகாரியிடம் முன் அனுமதி வாங்க வேண்டும் என்பது. வேண்டியதுதான். ஆனால் ஒரு மருத்துவராகக் கேட்கிறேன்: அந்தப் பெண்ணின் நோய் எங்கே இருந்தது? அபராதத்தில் இருந்தது, கழிப்பறை இல்லாத கொட்டகையில் இருந்தது, இரண்டு பேரை ஓர் அரிவாளாக எண்ணும் ஒப்பந்தத்தில் இருந்தது. சுகாதாரத்துறை கர்ப்பப்பையைப் பார்த்தது. தொழிலாளர்துறை ஒப்பந்தக்காரரைப் பார்த்திருக்க வேண்டும், சர்க்கரைத்துறை ஆலையைப் பார்த்திருக்க வேண்டும். பெரும்பாலும் தலித்துகளும் நாடோடிச் சமூகத்தினருமான அந்தப் பெண்களை முழுதாக ஓரிடத்தில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு எந்தத் துறைக்கும் இல்லை.

சரி, அரசு என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நிதித்துறையிலிருந்து வந்திருக்கும் நண்பர் நிச்சயம் கேட்பார். செய்ய முடியாதது ஒன்றும் இல்லை, செய்தும் இருக்கிறார்கள். மருத்துவமனைப் பிரசவத்துக்குப் பணம் தரும் ஜனனி சுரக்ஷா திட்டத்தில் வயது, குழந்தை எண்ணிக்கை நிபந்தனைகளை மத்திய அரசே 2013இல் நீக்கியது. அதனால் நாட்டில் பிள்ளைப்பேறு பெருகிவிடவில்லை. ஒடிசாவில் 2011இல் தொடங்கிய ‘மமதா’ திட்டம் முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும் என்றுதான் தொடங்கியது. பிறகு, மிகவும் நலிந்த பழங்குடிக் குழுக்களின் பெண்களுக்கு அந்த நிபந்தனையைத் தளர்த்தியது. நாற்சந்தியில் நிற்பவரை அடையாளம் கண்டு எழுதிய விதி அது. தமிழ்நாட்டில் அந்த வகையில் ஆறு குழுக்கள் உண்டு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். என் நிலையத்துக்கு வந்த பெண் ஒடிசாவில் அப்படியொரு குழுவில் பிறந்திருந்தால் மூன்றாவது கர்ப்பத்துக்கும் அவருக்குப் பணம் வந்திருக்கும்.

நிபந்தனையைத் தளர்த்தினால் இளவயதுத் திருமணத்தை அரசே ஊக்குவித்ததாகாதா என்று ஒரு கூட்டத்தில் உயரதிகாரி ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கவலை. அந்த உதவித்தொகைக்காகப் பதினாறு வயதில் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணை நான் பார்த்ததில்லை. அது கிடைக்காததால் கல்யாணத்தைத் தள்ளிப்போட்ட குடும்பத்தையும் பார்த்ததில்லை. குடிசைக்குப் பக்கத்தில் உயர்நிலைப் பள்ளியும், விடுதியில் இடமும், சாதிச் சான்றிதழும் கிடைத்த இடங்களில் தள்ளிப்போனதைப் பார்த்திருக்கிறேன். இருளர் குடும்பம் ஒன்று சாதிச் சான்றிதழ் வாங்க எத்தனை முறை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்கிறது என்பதைச் சுகாதாரப் பிரச்சினையாக நாம் எண்ணுவதில்லை. எண்ண வேண்டும். மாநிலத்தின் மொத்தக் கருவள விகிதம் ஐந்தாவது குடும்பநல ஆய்வின்படி 1.8தான். இரண்டுக்கு மேல் வேண்டாம் என்ற நிபந்தனை எதற்காகப் போடப்பட்டதோ அது நடந்து முடிந்துவிட்டது. நிபந்தனை மட்டும் நிற்கிறது.

எண்ணிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. செவிலியரின் பதிவேட்டில் வயது இருக்கிறது, எத்தனையாவது கர்ப்பம் என்பது இருக்கிறது, சாதி இருக்கிறது, ஹீமோகுளோபின் இருக்கிறது. எல்லாம் பிக்மி என்ற கர்ப்பிணி, குழந்தைப் பதிவுக் கணினிக்குள் போகின்றன. மேலே போகும் அறிக்கையில் ஒவ்வொன்றும் தனித்தனிக் கூட்டுத்தொகையாகிறது. இளவயதுக் கர்ப்பம் இத்தனை, பழங்குடியினர் இத்தனை, கடும் ரத்தசோகை இத்தனை. இந்த மூன்றும் ஒருவரிலேயே கூடியவர்கள் எத்தனை பேர் என்று நான் பணியில் இருந்தவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. புதிதாக ஒரு கணக்கெடுப்பும் வேண்டாம். இருக்கிற கட்டங்களைக் குறுக்கே ஒருமுறை படித்தால் போதும், வட்டாரத்துக்குப் பத்து இருபது பெயர்கள் கிடைக்கும். பெயர் கிடைத்தால் வீடு கிடைக்கும்.

வீடு கிடைத்தால், அங்கிருந்து வருபவளின் கையை யார் பிடிக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. தருமபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையில் சித்திலிங்கி என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற மருத்துவத் தம்பதி அங்கே குடிசையில் ஒரு மருத்துவமனை தொடங்கினார்கள். அந்த மலைப் பெண்களையே பயிற்றுவித்துச் செவிலியராக்கினார்கள். நான் அங்கே போனபோது, பிரசவ அறையில் நோயாளிக்கும் செவிலியருக்கும் இடையே பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் பிரசவ அறைகளில் நான் அதிகம் கேட்டது அதட்டல். தங்கள் சாதியும் பேச்சும் உள்ளவர் கைப்பிடித்து நிற்கும்போது வலியில் இருப்பவள் பயத்தை வாய்விட்டுச் சொல்கிறாள். சொன்னால்தான் சிக்கல் நேரத்தோடு தெரியும். கொள்கை வகுப்போர் இதைப் பண்பாட்டு நயம் என்று ஓரத்தில் எழுதுவார்கள். நான் இதை ரத்தப்போக்கைத் தடுக்கும் மருந்துக்குப் பக்கத்தில் வைப்பேன்.

2017இல் வந்த பெண்ணுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று உங்களில் சிலர் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றினோம். ஒவ்வொரு முறையும் செவிலியர் பேருந்துக் கட்டணத்தைத் தன் கைக்காசில் கொடுத்தார். அரசு மருத்துவமனையில் பிரசவம், இரண்டு பை ரத்தம், 2.3 கிலோவில் பெண் குழந்தை. தாய் பிழைத்தார். ஒரு மாதம் முடிவதற்குள் சூளைக்குப் போய்விட்டார், முன்பணக் கணக்கு அப்படியே இருந்தது. ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குச் செவிலியர் போனபோது குடிசை பூட்டிக் கிடந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்துச் சூளை எந்த ஊரில் என்று தெரிந்துகொண்டு, அந்த ஊர்ச் செவிலியரைத் தன் கைப்பேசியில் அழைத்தார். குழந்தையின் பிக்மி எண்ணையும், ஏரிக்கரையிலிருந்து சூளைக்குப் பிரியும் மண்பாதையையும் சொன்னார். மூன்றாம் நாள், ஊசி போட்டாயிற்று, குழந்தை மூன்று கிலோ இருக்கிறது என்று பதில் வந்தது.